பச்சைத் தண்ணீர்

பழைய ரயில் பாலங்களின் வரைபடங்களைப் பாதுகாக்கும் அறையில் பிலோமினா மூன்று தாள்களை ஒரே தட்டில் ஊறவைத்திருந்தாள். ஆற்றுப் பாலத்துக்கு மூன்று தூண்கள். தூணுக்கு ஒரு தாள். வேறு நகல் கிடையாது. விரிசல் கண்ட இடத்தை அந்தக் காலத்துப் பொறியாளர் சிவப்பு மையால் வட்டமிடுவார். அதைச் சரிசெய்து முடித்த பிறகு வட்டத்தின் மேல் பச்சைக் கோடு ஒன்று இழுப்பார். அதுதான் வழக்கம்.

அழுக்குப் போய்த் தாள்கள் வெளுத்துவிட்டன. மூன்றிலும் சிவப்பு வட்டம் பளிச்சென்று இருந்தது. பச்சைக் கோடு ஒன்றில்கூட இல்லை. தண்ணீர்தான் இளம்பச்சையாக இருந்தது.

பிரிவு அதிகாரி சடகோபன் எட்டிப் பார்த்தார். "ஊறப்போடறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தீங்கல்லம்மா?"

"இல்ல சார். நாளைக்கே வேணும்னீங்க, அந்த அவசரத்துல விட்டுட்டேன்."

"எத்தனை தாள்ல பச்சை இருந்துச்சு?"

"ரெண்டுல இருந்த மாதிரி ஞாபகம். மூணுலயும் இருந்துச்சோ என்னவோ."

"எந்த ரெண்டு?"

அந்தப் பாலத்தில் வண்டிகளின் வேகத்தைக் கூட்டலாமா என்று முடிவு செய்யத்தான் ரயில்வேக்காரர்கள் இந்தத் தாள்களை நாளைக்கு வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். பிலோமினா தாள்களை எடுத்து உலரவைத்துவிட்டு, தண்ணீரைக் கொட்டத் தட்டைத் தூக்கினாள்.

"கொட்டாதீங்க!" என்று கத்தினார் சடகோபன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பாசஞ்சர் வண்டி பாலத்தை நோக்கிப் போனது. அதன் சத்தம் அடங்கிய பிறகும் அவள் கையிலிருந்த தட்டில் பச்சைத் தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருந்தது.