முன்னறையில் ஒரு கூண்டு

பச்சோந்தியைத் தொடாமலே அதைக் கூண்டில் குடிவைப்பது எப்படி என்று சிகுதானிக்கு இன்னும் பிடிபடவில்லை.

கூண்டு முடிந்துவிட்டது. நான்கு யூகலிப்டஸ் கம்புகளை நிறுத்திக் கட்டி, ஆஸ்பத்திரியில் கொடுத்த நீலக் கொசுவலையைச் சுற்றிலும் இழுத்துத் தைத்திருந்தாள். கண்ணாடிப் பெட்டி ஆகாது, காற்று ஓடவேண்டும். அகலம் குறைந்தாலும் பரவாயில்லை, உயரம் வேண்டும். அது ஏறிப் பழகிய உயிர்.

உள்ளே எண்ணெய் டின்னில் மண் போட்டு ஒரு கொய்யாக் கன்று. பச்சோந்தியின் காலுக்குப் பிடிபடும் அளவில் மெல்லிய சுள்ளிகள் குறுக்கும் நெடுக்கும். கிண்ணத்துத் தண்ணீரை அதற்குக் குடிக்கத் தெரியாது என்பதால் இலைகள்மேல் விரலால் தெளித்துவிட்டாள்.

எல்லாம் முன்னறையில், ஜன்னலோரம், விருந்தாளிகளின் நாற்காலிக்கு நேர் எதிரே.

பச்சோந்திக் குட்டி இன்னும் வாளிக்குள்தான் இருந்தது. விரல் நீளம். காலையில் வேலியிலிருந்து கிளையோடு ஒடித்துப் போட்டு, வாளியைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தபடியே தூக்கி வந்திருந்தாள். லுஷோட்டோ மலையில் பச்சோந்தியைப் பார்த்து, அபசகுனமென்று நடுங்காதவர் யார்?

ஆனால் கீழே டாங்கா நகரத்தில் மூன்று லாரி வைத்திருக்கும் அந்த நாற்பது வயதுக்காரரை நினைத்தால் வரும் நடுக்கம் இதைவிடப் பெரிது. அவருக்குப் பெண் கேட்டு, சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் இரண்டு பெரியவர்கள் கடிதத்தோடு வருகிறார்கள். அந்தக் கடிதம் அப்பா கைக்குப் போய்விட்டால் பேச்சு முடிந்தது. சிகுதானிக்குப் பதினாறு வயது. நவம்பரில் பரீட்சை.

அடுப்பங்கரை இடுக்கியால் கிளையைப் பிடித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு, கிளையோடு குட்டியை உள்ளே விட்டாள்.

“சிகு, அதைத் தூக்கி வெளிய எறி!” வாசலில் நின்றபடியே அப்பா கத்தினார்.

“நீங்களே எறிங்கப்பா.”

அப்பா காட்டுப்பன்றியைத் தடியால் விரட்டியவர். இரண்டடி முன்னால் வந்தார். குட்டி ஒரு கண்ணை மட்டும் அவர் பக்கம் உருட்டியது. மூன்றடி பின்னால் போனார்.

கூண்டைக்கூட அவரால் தொட முடியவில்லை. அந்தத் தெருவில் யாராலும் முடியாது. அவளுக்கு இருந்த பலம் அது ஒன்றுதான்.

“அந்தப் பீடை உள்ள இருக்கிற வரைக்கும் நான் முன்னறைப் பக்கமே வரமாட்டேன்!” சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் தெருக்கோடி வரை போனது. “பெத்து வச்சிருக்கேன் பாரு, பொண்ணு!”

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். “ஏன் அண்ணே, நீங்க பாக்குறதுக்குள்ள அவளே மாப்பிள்ளை பாத்துட்டாளாமே? ஒரே சமயத்துல ரெண்டு பக்கமும் பாப்பாராமே அவரு!”

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கொடியில் கிடந்த துணியைக் கம்பு நுனியில் மாட்டி, எட்ட நின்றே கூண்டின்மேல் வீசினார். முழுசாக மூடிக்கொண்டது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வருகிறவர்களை வரவேற்க வாசலில் போய் நின்றார்.

வந்துவிட்டார்கள்.

பெரியவர்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. மழையைப் பற்றியும் உருளைக்கிழங்கு விலையைப் பற்றியும் பேசினார்கள். மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மடியிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிய கடிதத்தை எடுத்தார். இரண்டு கையாலும் நீட்டினார். அப்பாவும் இரண்டு கையை நீட்டினார்.

சிகுதானி துணியை உருவினாள்.

“அதுக்கு வெளிச்சம் வேணும்,” என்றாள்.

இருட்டிலிருந்து வந்த குட்டி கரிக்கட்டை போல இருந்தது. ஒரு காலைத் தூக்கி, வைப்பதா வேண்டாமா என்று முன்னும் பின்னும் ஆடி, மெதுவாக வைத்தது. ஒரு கண் கடிதத்தைப் பார்த்தது.

மூத்தவர் நீட்டிய கை, கடிதத்தோடு அப்படியே மடிக்குத் திரும்பியது.

மூத்தவர் எழுந்துவிட்டார். “பொண்ணு கேட்டுப் போற வழியில இது குறுக்க வந்தாலே நாங்க பாதி வழியில திரும்பிடுவோம். இங்க நடு வீட்டுலயே குடி வச்சிருக்கீங்களேப்பா!”

முதுகைக் காட்டாமலே இருவரும் வாசல் வரை போனார்கள். அவசரத்தில் ஒருவர் செருப்பை மற்றவர் மாட்டிக்கொண்டார். அப்பா கும்பிடாத குறையாகப் பின்னாலேயே ஓடினார். “குழந்தைப் புத்தி ஐயா, அடுத்த சனிக்கிழமை வாங்க, வீட்டைக் கழுவி வைக்கிறேன்…” என்ற குரல் சரிவில் இறங்கித் தேய்ந்தது.

சிகுதானி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்று அடி நிச்சயம். துணியைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கூண்டுக்கு முன்னால் நகராமல் இருந்தாள்.

அம்மா உள்ளே வந்தாள். இடது கையை இறுக்க மூடியிருந்தாள். கூண்டைப் பார்க்காமல், தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்து நின்றாள். விரலிடுக்கில் ஒரு வெட்டுக்கிளிக் குஞ்சு காலை உதைத்துக்கொண்டிருந்தது.

“பெருசு போட்றாத, தொண்டையில சிக்கும்,” என்று கிசுகிசுத்தாள். “சனிக்கிழமை வரைக்கும் இது உயிரோட இருக்கணும்.”

பிறகு ஜன்னலுக்கு வெளியே, அப்பா போன பக்கமாக, “இன்னிக்கே இந்தப் பீடைய ஒழிச்சுக் கட்டுறேன் பாருங்க!” என்று தெருவே கேட்கக் கத்திக்கொண்டு, கண்களை இறுக மூடி, கையை மணிக்கட்டு வரை வலைக்குள் விட்டாள்.