நண்டு அட்டை

என்றோ கலைத்துவிட்ட விளையாட்டு உருவாக்கப் பிரிவின் நினைவாக, அந்த ஒசாகா வீடியோ கேம் நிறுவனம் இப்போது கண்காட்சி வைத்திருந்தது. சுவர்த்திரையில், பழைய விளையாட்டின் கடைசி மழைக்காட்சி மீது தவளை, நண்டு, அரைத்தூக்கம் என்று உருவாக்கியவர்களின் புனைபெயர்கள் ஏறிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் சொந்தப் பெயரைப் போடவே விடமாட்டார்கள். போட்டி நிறுவனம் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுமாம்.

"தவளை நான்தாம்மா," என்றார் அந்த மழையை உருவாக்கிய குவாபரா, வரவேற்பில் நின்ற பெண்ணிடம்.

அவள் சங்கடத்தோடு குனிந்து வணங்கினாள். "மன்னிச்சுக்கோங்க சார். தவளை முன்னாடியே வந்துட்டார். அதோ, பேட்டி குடுத்துட்டிருக்கார்."

பார்த்தார். அவருடைய பழைய மேலாளர். "அந்த மழை இருக்கே, அது நான் பெய்ய வெச்சது," என்று கேமரா முன்னால் நெகிழ்ந்துகொண்டிருந்தார்.

குவாபரா கேமராவை நோக்கி ஓரடி வைத்தார்.

"நண்டைத்தான் யாருமே கேட்டு வரல," என்று அவள் கனிவாக, 'நண்டு' என்று எழுதிய பெயர் அட்டையை எடுத்தாள்.

நண்டு, பக்கத்து மேசை ஹிரோசே. விளையாட்டு கடைக்கு வருமுன்பே செத்துப்போனவன். வேண்டாமென்று சொல்வதற்குள் அவள் அட்டையை அவர் சட்டையில் குத்திவிட்டாள்.

மேலாளர் அதைப் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்தபடி வந்தார்.

"அடடே, நண்டு! நீ செத்துட்டேன்னுல்ல சொன்னாங்க!"