நாலாவது ஆள்

"கால்ல விழுந்தாவது அவன கூட்டிக்கினு வந்துடணும்டா," என்றான் குரு, ஷேர் ஆட்டோவின் இரைச்சலுக்கு மேல் குரலை ஏற்றி.

"நான் ஏன்டா விழணும்?" என்றான் யுவன்.

"திட்டுனது நீ. விழ வேண்டியதும் நீதான். நான் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கறேன்."

யுவன் சிரிக்கவில்லை. அவன் மடியில் ஒரு பை. உள்ளே, முதுகில் 'பாலாறு பாய்ஸ்' என்று அச்சடித்த புது டி-ஷர்ட்.

ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வீடியோ கேம் மாவட்டப் போட்டி. டீமுக்கு நாலு பேர். எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து மொபைலில் சுட வேண்டும். மூன்று பேர் ரெடி. நாலாவது ஆள் கமல், ஐயம்பேட்டைக்காரன். ஆன்லைனில் சேர்ந்தவன், நேரில் பார்த்ததே இல்லை. நேற்று அவனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'நான் வரல. சாரி ப்ரோ.'

நாலு பேர் இல்லையென்றால் மண்டபத்துக்குள்ளேயே விட மாட்டார்கள்.

பகலெல்லாம் பட்டுக்கடையில் புடவையை விரித்து, மடித்து, "வேற கலர் எடுக்கட்டுங்களா மேடம்" என்று குழைகிற யுவன், அந்த விளையாட்டுக்குள் போனால் கேப்டன். விமானத்திலிருந்து நாலு பேரும் ஒன்றாகக் குதிப்பார்கள். குண்டடி பட்டு ஒருத்தன் விழுந்தால், இன்னொருத்தன் வந்து தூக்கிவிட்டால்தான் உயிர். அந்த இன்னொருத்தன் எப்போதும் கமல்தான். எதிரில் எத்தனை துப்பாக்கி இருந்தாலும் தவழ்ந்தாவது வந்துவிடுவான். கடையிலும் சரி, வீட்டிலும் சரி, யுவனுக்காக யாரும் அப்படி வந்ததில்லை.

ஒரே ஒரு குறை. கமல் வாயைத் திறக்க மாட்டான். மைக் ரிப்பேர் என்று டைப் பண்ணுவான். "எந்தப் பக்கம் வர்றானுங்க, சொல்லுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் பதில் வராது. ஆடி முடித்த பிறகு ஒரு ஸ்மைலி வரும்.

வியாழக்கிழமை அதனாலேயே தோற்றார்கள். யுவன் மைக்கில் வெடித்துவிட்டான்.

"வாயில என்னடா, கொழுக்கட்டையா? உங்கம்மா உனக்குப் பேசவே கத்துக்குடுக்கலையாடா?"

அதோடு விட்டிருக்கலாம். அதற்கப்புறம் அந்த அம்மாவைப் பற்றி அவன் சொன்னதை நினைத்தால், ஆட்டோவில் அடிக்கிற காற்றிலும் முகம் சுட்டது.

"வேற எவனா இருந்தாலும் திருப்பிக் குடுத்திருப்பான்," என்றான் குரு. "இவன் ஒண்ணுமே சொல்லாம கழண்டுக்கினான் பாரு. அதான் பேஜாரா இருக்குது."

போட்டிக்குப் பேர் பதிய கமல் அனுப்பியிருந்த விலாசம் கையில் இருந்ததால் வீடு சுலபமாகக் கிடைத்தது. வாசலில் ஒரு அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கமல் வீடு இதானேங்க?"

கீரையில் அவள் விரல்கள் அப்படியே நின்றன. நிமிர்ந்து பார்த்தாள்.

"யுவனா? உள்ள வாப்பா."

"எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க?" என்றான் குரு.

"நீ குரு," என்றாள். "உக்காருங்க, காபி போடறேன்."

அவள் உள்ளே போனதும் குரு கிசுகிசுத்தான். "வீட்ல எல்லாத்தையும் ஒப்பிச்சிட்டான்டா. செத்தோம்."

காபி வந்தது. யுவன் டம்ளரை வாங்காமல் எழுந்து நின்றான்.

"அம்மா... அன்னிக்கு கமல நான் கொஞ்சம் தப்பா பேசிட்டேன். அவன்கிட்ட சாரி கேக்கணும்."

"நீ வாயால கேட்டா அவனுக்கு எப்படிப்பா தெரியும்?" அவள் டம்ளரை அவன் கையில் வைத்தாள். "பொறந்ததுலேர்ந்தே காது கேக்காது. அதனால பேச்சும் வரல. நேர்ல வந்தா உங்களுக்குத் தெரிஞ்சிடும், டீம்ல இருந்து தூக்கிடுவீங்கன்னு பயம். அதான் வரலன்னுட்டான்."

பின்கட்டிலிருந்து ஈரத் தலையோடு ஒரு இளைஞன் வந்தான். இவர்களைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டான். யுவன் பையிலிருந்து டி-ஷர்ட்டை எடுத்து நீட்டினான். போனில் வேகமாக டைப் பண்ணிக் காட்டினான்: 'நீ இல்லனா டீம் இல்ல. சாரிடா.'

கமல் படித்தான். 'எதுக்கு சாரி?' என்று டைப் பண்ணிவிட்டு, யுவனைக் கட்டிக்கொண்டான். டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு ஓடினான்.

யுவனுக்கு இரண்டு நாள் கழித்து மூச்சு சீராக வந்தது. குருவின் தொடையில் தட்டினான்.

"அவன் காதுல ஒரு வார்த்தை கூட விழலடா!"

"தப்பிச்சடா. சாமி காப்பாத்திச்சு."

அம்மா கண்ணாடி முன் நிற்கும் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன வருஷத்துல அவனத் தேடிக்கினு ஃபிரெண்ட்ஸ்னு வந்தது நீங்கதான்பா," என்றாள். "அந்த விளையாட்டுன்னா அவனுக்கு உசுரு. போன்ல ஸ்பீக்கரை ஃபுல்லா வெச்சிப்பான். சுடறது உள்ளங்கையில அதிருமாம். நீங்க பேசினாலும் அதிரும். உடனே என்கிட்ட காட்டி, 'ஃபிரெண்ட்ஸ் பேசறாங்க'ன்னு ஜாடை பண்ணி சிரிப்பான். நானும் சிரிப்பேன்."

யுவன் வாய்க்குக் கொண்டுபோன டம்ளர் பாதியில் நின்றது.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"எல்லாம் கத்துக்குடுத்தேன் தம்பி. பேசத்தான் கத்துக்குடுக்க முடியல."