மூடாத மூடி

"மறுபடியும் தூங்கிட்டான் மாமா!"

தேவயானி போட்ட சத்தத்தில், அடுப்படியில் இருந்த நவீன்குமார் காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தான்.

தூங்கியது குழந்தை அல்ல, லேப்டாப். தட்டச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்த மனைவியின் முன்னால் திரை கறுத்துக் கிடந்தது. பதினோரு மணிக்கு ஆன்லைனில் தட்டச்சுத் தேர்வு. போன வாரம் பாதியில் இது தூங்கியதில் ஒரு வாய்ப்பு போய்விட்டது. இன்று கடைசி வாய்ப்பு. தேறினால் மலைமேல் புதூர்நாட்டு வீட்டிலிருந்தபடியே வேலை.

"உங்க லினக்சுக்கு என்னைக் கண்டாலே ஆவல. நீங்க அடிச்சா முழிச்சினு இருக்குது. நான் கைய வச்சா தூங்கிடுது."

அதுதான் அவனுக்கும் புரியவில்லை. ஒரு மணி நேரம்கூடத் தாங்காத பழைய பேட்டரியை, லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு மூன்று மணி நேரம் நிற்கவைத்தவன் அவன். நேற்றைய காற்றில் மலையில் கரண்ட் போனதிலிருந்து அந்த பேட்டரிதான் கதி.

"ஏன் தூங்குச்சுன்னு அதோட பதிவுல பாத்தா, மூடிய மூடிட்டாங்கன்னு சொல்லுது!" என்றான் எரிச்சலாக.

"தொறந்துதானே இருக்குது? மூடுறது அதுக்கு எப்படித் தெரியும்?"

எத்தனை எரிச்சலிலும் விளக்கம் சொல்லக் கேட்டால் அவனுக்கு முகம் மலர்ந்துவிடும். "மூடி ஓரத்துல குட்டிக் காந்தம் இருக்கு. கீழ, நீ இடது கைய ஊன்ற எடத்துல, அத மோப்பம் புடிக்க ஒரு சென்சார். காந்தம் கிட்ட வந்தா, மூடிட்டாங்கன்னு நெனச்சு, சார்ஜ் மிச்சம் புடிக்கத் தூங்கிடும். போன மாசம் ஒரு அப்டேட் போட்டேன்ல, அதுலதான் ஏதோ கோளாறு."

"மூடினாலும் தூங்காதே" என்று லேப்டாப்பின் அமைப்பில் மாற்றி எழுதியும் பார்த்துவிட்டான். அப்போதும் திரை அணைந்தது.

தேவயானி இடது மணிக்கட்டைத் திருப்பினாள். போன மாதம் கல்யாண நாளுக்கு அவனே கட்டிவிட்ட வாட்ச். மணி பத்தே முக்கால்.

அவன் உட்கார்ந்து ஒரு பக்கம் அடித்தான். தூங்கவில்லை. அவள் உட்கார்ந்து மூன்று வரி அடித்தாள். தூங்கிவிட்டது.

"நீ இன்னாதான் பண்ற? உன் கையிலதான் ஏதோ கோளாறு!"

"என் கையிலயா?" அவள் கண்ணில் நீர் முட்டியது. "இந்தா, நல்லா பாத்துக்க!" வளையல்களைக் கழற்றி மேசையில் வைத்தாள். வாட்ச்சை உருவி பீரோப் பக்கம் வீசினாள்.

வாட்ச் கீழே விழவில்லை. பட்டையின் நுனி இரும்புக் கதவில் ஒட்டிக்கொள்ள, அங்கேயே தொங்கி ஆடியது.

இருவரும் அதையே பார்த்தார்கள். தேவயானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் மாமா, அந்த மூடிய என் கையில கட்டிவுட்டது யாரு?"