இரண்டாவது டாக்டர்

மரியகொரெட்டியின் தைராய்டுக் கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்று முதல் டாக்டர் சொல்லிவிட்டார். கணவர் ஜார்ஜுக்கு அதுவே போதும். அவளுக்குப் போதவில்லை. இன்னொரு டாக்டரிடமும் கேட்க வேண்டும் என்று கணவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, பல் வலி என்று பொய் சொன்னாள். அவர் எஸ்டேட்டில் அரைநாள் லீவு போட்டு, லாபுவிலிருந்து சிரம்பான் டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் கூட்டி வந்தார்.

"எதிர்க்கடையில இருக்கேன்லா. பல்லுதானே, பயப்படாத," என்று, பல் டாக்டரும் இருந்த கிளினிக்குக்குள் அனுப்பிவைத்தார்.

டாக்டரம்மா அவளைச் சன்னலோரம் உட்காரவைத்து, கழுத்தில் விரல்களை வைத்தார்.

"தண்ணிய முழுங்குங்க. தைராய்டுக் கட்டின்னா முழுங்கும்போது மேல ஏறும்."

விழுங்கினாள். கட்டி அசையவில்லை. இன்னொரு முறை விழுங்கியும் அசையவில்லை. கிளாஸைக் கீழே வைத்த பிறகு, அது தானாக மேலே ஏறி இறங்கியது.

"இப்ப முழுங்குனீங்களா?"

"இல்லைங்க டாக்டர்."

மீண்டும் ஏறி இறங்கியது. டாக்டரம்மா சன்னல் வழியே பார்த்தார். எதிர்க்கடையில் ஜார்ஜ் பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார். அவர் ஒவ்வொரு மிடறு விழுங்கும்போதும் டாக்டரம்மாவின் விரல்களுக்கடியில் கட்டி அசைந்தது.

"யாருங்க அவரு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

பல் வலி என்று நம்பி உட்கார்ந்திருக்கிறவர். அவள் கூசிப்போனாள்.

"தெரியாதுங்க," என்றாள்.

தெருவுக்கு அந்தப் பக்கம், அது காதில் விழுந்தது போல, ஜார்ஜ் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். கட்டி மெல்ல மேலே ஏறியது. டாக்டரம்மா விரல்களை எடுக்காமல் காத்திருந்தார். அது இறங்கவில்லை.