விமர்சகரின் கையெழுத்து

குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்தது. குளிக்க வந்திருந்த மெட்ராஸ் பத்திரிகை ஆசிரியர், தென்காசி ஆறுமுகநயினாரைத் தன் விடுதி அறைக்கு வரவழைத்திருந்தார். கூட வந்த மகள் வடிவுக்கு அவர் நாற்காலி காட்டவில்லை. அவளே ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, உங்க படக்கதை விமர்சனத்துக்காகவே பத்திரிகை வாங்கறாங்க. 'மலையைத் தூக்கிப் பறக்கிறவன், கதாநாயகியைப் பேசவிடப் பயப்படுகிறான். இவன் என்ன வீரன்?'னு கேட்டீங்களே! அடுத்த புத்தகத்துல அவளையே சண்டை போட வச்சுட்டாங்க!"

ஆறுமுகநயினார் துண்டை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"பொம்பள விமர்சனம் எழுதுனா போடுவியளா சார்?" என்றாள் வடிவு.

"போன வருஷம் உங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு, பி.ஏ.வாம், அனுப்பிச்சுது. சண்டைப் படக்கதையைப் பத்திப் பொம்பளைக்கு என்னம்மா தெரியும்? திருப்பி அனுப்பிட்டேன்."

"படிச்சாவது பாத்தியளா?"

"பேரைப் பார்த்தாலே போதுமே!"

வடிவுக்குக் காது மடல் சுட்டது.

ஆசிரியர் அவள் அப்பாவிடம் திரும்பினார். "இனி வாராவாரம் புதுப் படக்கதை விமர்சனம், எந்தப் புது வீரன் வரப்போறாங்கற செய்தி, ரெண்டு பக்கமும் உங்களுக்குத்தான். ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுங்க."

பேனாவை நீட்டினார். ஆறுமுகநயினார் இடதுகைப் பெருவிரலை நீட்டினார்.

"மை டப்பா இருக்கா அண்ணாச்சி? எனக்குக் கைநாட்டுத்தான்."

ஆசிரியர் விழித்தார். "அப்போ எழுதினது?"

வடிவு பேனாவை வாங்கி, ஒப்பந்தத்திலிருந்த அப்பா பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள்.

"முதல்ல நீங்க போட்டது, எனக்குத் திருப்பி அனுப்புன அதே விமர்சனந்தான் சார். பேரை மட்டும் மாத்துனேன். இனி என் பேருல போட்டா எழுதுதேன். இல்லன்னா எங்கய்யாவையே எழுதச் சொல்லுங்க."