அரை விலைக்காரர்களின் வெளிச்சம்

இங்கிலாந்தின் நார்விச் நகரம், 1768. நாடகக் கொட்டகையின் திரை ஓட்டையில் கண் வைத்து முதலாளி டோபியாஸ் பார்க்கிறார். பெஞ்சுகளில் ஏழு பேர். அவர்கள் தலைக்கு மேலே நாற்பது மெழுகுவர்த்திகள் வீணாக உருகுகின்றன. வெளியே மழையில் ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டு நிற்கிறது. "நனைஞ்சாலும் நனைவாங்க, இப்ப உள்ள வரமாட்டாங்க. மூணாம் அங்கம் முடிஞ்சாத்தானே சீட்டு அரை விலை," என்கிறாள், அரசி வேடத்தில் நிற்கும் அவர் மனைவி ஹெஸ்டர். "நமக்கு மெழுகுவர்த்தி கடன் குடுத்தவனும் அங்கதாங்க நிக்கிறான்." அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "முப்பதை அணைச்சிடு. அவங்க வந்ததும் ஏத்திக்கலாம்." அவள் கிரீடத்தோடு போய் ஒவ்வொன்றாக அணைக்கிறாள், கரும்புகை மெல்லப் பரவுகிறது. திரை உயர்கிறது. அரசி அழத் தொடங்குகிறாள். முழு விலை கொடுத்த ஏழு பேரும் இருட்டில் அவள் முகத்தைத் தேடுகிறார்கள்.